வீதியில் பெய்த பாலை மழை

எந்த கேஸட் கம்பெனியும் கூப்பிடாத நிலையில், ஒரு நினைவு நாள் மேடையில் வாசித்ததே இண்டியன் ஓஷன் குழுவின் இரண்டாவது ஆல்பமாகிவிட்டது.

தில்லியில் ஜனவரி முதல் தேதி இசை கேட்க உகந்த நாளல்ல. முந்தைய இரவுக் கொண்டாட்டத்தின் களைப்பு ஒரு பக்கம், எலும்புக்குள் இறங்கும் குளிர் மறுபக்கம். ஸ்வெட்டர், மஃப்ளர், சால்வை என்று எத்தனை சுற்றிக்கொண்டாலும் திறந்தவெளியில் ஒரு மணி நேரம் நிற்பது தவம்தான். ஆனாலும் ஆண்டுதோறும் அன்றைக்கு ஒரு கூட்டம் சேர்கிறது. ஓவியர்கள், நாடகக்காரர்கள், எழுத்தாளர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள். 1997 ஜனவரி 1 அன்று அவர்கள் கூடிய இடம் மண்டி ஹவுஸ்.

பெயரில்தான் ஹவுஸ். ஒரு காலத்தில் மண்டி சமஸ்தானத்து ராஜாவின் மாளிகை அங்கே இருந்தது. மாளிகை போய்விட்டது, பெயர் வட்டச் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் தேசிய நாடகப் பள்ளி, ஸ்ரீராம் சென்டர், கமானி அரங்கம், த்ரிவேணி கலா சங்கமம், சாகித்ய அகாதெமி இருக்கும் ரவீந்திர பவன். போதாக்குறைக்கு தூர்தர்ஷனின் தலைமையகமும் அங்கேதான். தலைநகரின் கலையுலகம் மொத்தமும் ஒரு டீக்கடை தூரத்துக்குள் அடக்கம். அன்றைய மேடையில் ஏறிய நால்வருக்கு மட்டும் இந்தக் கட்டடங்கள் எதிலும் சொந்தமாக ஒரு மூலை இல்லை. நாடகக்காரர்களுக்கு அவர்கள் ராக் குழு. ராக் ரசிகர்களுக்கு அவர்கள் தபலா வைத்திருக்கும் விசித்திரப் பிறவிகள்.

ஒருவர் கையில் கிதார். இன்னொருவர் கையில் பேஸ் கிதார். பின்னால் டிரம்ஸ். நான்காமவர் சம்மணமிட்டு உட்கார்ந்து தபலா வாசித்தபடியே பாடினார். ஆல்பம் பதிவு செய்கிறோம் என்று அவர்கள் யாரும் அங்கே வரவில்லை. ஒலிக் கட்டுப்பாட்டு மேஜையருகே ஓடிக்கொண்டிருந்த நாடாவில் எல்லாம் பதிவாகிவிட்டது. அதே ஆண்டு அது 'டெஸர்ட் ரெய்ன்' என்ற பெயரில் வெளிவந்தது. பாலைவனத்து மழை. இந்திய ராக் குழு ஒன்றின் முதல் நேரடி மேடை ஆல்பம் என்ற பெயர் அதற்கு உண்டு.

இரண்டாவது ஆல்பம் என்பது ராக் குழுக்களுக்கு ஒரு கண்டம். முதல் ஆல்பத்தில் எல்லாச் சரக்கையும் கொட்டிவிட்டு, அடுத்ததற்குக் கைபிசைந்து நின்ற குழுக்கள் ஏராளம். இண்டியன் ஓஷனுக்கு வந்த கண்டம் வேறு ரகம். சரக்கு இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

கதை 1984ல் தொடங்குகிறது. கிதார் வாசிக்கும் சுஸ்மித் சென்னும், தபலா வாசிக்கும் அசீம் சக்ரவர்த்தியும் தில்லியில் சந்தித்துக்கொண்டது அந்த ஆண்டில்தான். இருவரும் வங்காளிகள். சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள், ஒத்துப்போனது. ஆனால் அதற்கு ஒரு குழுவும் பெயரும் அமைய மேலும் ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1990ல் இண்டியன் ஓஷன் பிறந்தது.

மறு ஆண்டு வந்து சேர்ந்தார் ராகுல் ராம். மைசூரைப் பூர்வீகமாகக் கொண்ட கன்னடக் குடும்பம். தாவரவியல் அறிஞர் எச்.ஒய். மோகன் ராமின் மகன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதியியல் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் வழக்கமாக அங்கேயே வேலை தேடிக்கொண்டு விடுமுறைக்கு மட்டும் இந்தியா வருவார்கள். இவர் திரும்பி வந்து நர்மதை அணைக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தார். பள்ளத்தாக்குக் கிராமங்களில் கேட்ட பாட்டுகள் அவரோடு தில்லிக்கு வந்தன. 1994ல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலாம் வந்தார். காஷ்மீரி, மற்ற மூவரையும்விட வயதில் மிகவும் இளையவர். மண்டி ஹவுஸ் மேடையில் ஏறியது இந்த நால்வர்தான்.

அவர்களுடைய இசையை விளக்குவது கஷ்டம். அந்தக் கஷ்டமே அவர்களுக்கு விரோதியாகவும் இருந்தது. சுஸ்மித்தின் கிதார், மேற்கத்தியப் பாணியில் கார்டுகளை வரிசையாக மாற்றிக்கொண்டு போவதில்லை. ஒரு சுருதியை ஆதாரமாக நிறுத்திக்கொண்டு அதன் மேல் ஸ்வரங்களை அடுக்கும். கேட்பவருக்கு சில இடங்களில் சிதார் நினைவு வரும், சில இடங்களில் சரோத். ராகம் என்று பெயர் சொல்லிப் பிடிக்கப் போனால் நழுவிவிடும். அசீமின் வேலை இன்னும் அபூர்வமானது. மிருதங்க வித்வான் ஒருவர் தானே பாடிக்கொண்டு, தானே தனி ஆவர்த்தனமும் வாசிப்பதைக் கற்பனை செய்துகொண்டால் ஓரளவு புரியும். அந்நாட்களில் அவர்கள் வாசித்ததில் பெரும்பகுதிக்குச் சொற்கள் இல்லை. குரல் இன்னொரு வாத்தியமாக வந்து கலக்கும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஒன்றை எந்த அலமாரியில் வைப்பது? கேஸட் கடைக்காரரின் கேள்வி நியாயமானதுதான்.

முதல் ஆல்பத்துக்கு ஒரு பெரிய இடம் கிடைத்தது. சொந்த முயற்சியில் பதிவு செய்த மாதிரி நாடாவைக் கேட்டு எச்.எம்.வி. ஒப்பந்தம் போட்டது. கல்கத்தாவில் பதிவு நடந்தது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1993ல் அது வெளிவந்தது. சினிமாப் பாட்டு, பஜனை, கஜல் என்று பழகிய ஒரு நிறுவனம், தில்லிப் பையன்களின் சொற்களற்ற இசையை வெளியிட்டதே ஒரு சாதனை. பாராட்டும் கிடைத்தது. ஆனால் அந்த ஒலிநாடாவை இன்று கேட்டாலும் ஒரு குறை தட்டுப்படுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, சூடு மட்டும் இல்லை.

காரணம் ஸ்டுடியோவின் இயல்பிலேயே இருக்கிறது. ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிவார்கள். ஒருவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இன்னொருவர் இந்தப் பக்கம். சமயங்களில் வேறு வேறு நாட்கள். காதில் ஹெட்ஃபோன், அதில் கடிகாரம் போல டக் டக் என்று தாளம். தவறினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டலாம். மூன்றரை நிமிடச் சினிமாப் பாட்டுக்கு இதைவிட வசதி கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இவர் ஒரு சுற்று கூட்டினால் அவர் இரண்டு சுற்று கூட்டி, எங்கே முடிப்பது என்று கண்ணால் பேசிக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு இது கைவிலங்கு. கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. வித்வானின் சபைக் கச்சேரிக்கும் அவருடைய ஸ்டுடியோ இசைத்தட்டுக்கும் உள்ள தூரம்தான் இது.

முதல் ஆல்பம் வெளிவந்து ஓராண்டு ஆயிற்று, இரண்டாண்டு ஆயிற்று, மூன்றாண்டும் ஆயிற்று. இரண்டாவதுக்கு அழைப்பு வரவில்லை.

அந்த மூன்றாண்டுகளில் இந்தியாவில் சினிமா சாராத இசை செத்துக் கிடந்தது என்று நினைத்தால் தவறு. நேர் எதிர். 1994ல் சானல் வி வந்தது. 1995ல் அலீஷா சினாயின் 'மேட் இன் இண்டியா', தலேர் மெஹந்தியின் 'போலோ தா ரா ரா' இரண்டும் தேசத்தையே ஆட்டிவைத்தன. 1996ல் எம்.டிவி இந்தியாவுக்கென்று தனி அலைவரிசை தொடங்கியது. ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் 'கலோனியல் கஸின்ஸ்' ஆனார்கள். லக்கி அலி 'ஓ சனம்' என்று பாடிக்கொண்டு எகிப்து பிரமிடுகளுக்கு நடுவே நடந்தார். இண்டிபாப் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. கம்பெனிகள் பணத்தோடு அலைந்தன. ஆனால் பணம் போன வழி வேறு. முகம் வேண்டும், உடை வேண்டும், நான்கு நிமிட வீடியோ வேண்டும். பத்து நிமிடம் வாசித்து, நடுவில் மூன்று நிமிடம் யாரும் வாயே திறக்காத ஒரு குழுவுக்கு எந்த இயக்குநர் வீடியோ எடுப்பார்? அதில் ஒருவர் தரையில் வேறு உட்கார்ந்திருக்கிறார்.

ராக் வட்டாரத்திலும் இவர்களுக்குச் சிக்கல் இருந்தது. அந்நாளைய கல்லூரி விழாக்களில் ராக் என்றால் நகல்தான். டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்ட் பாட்டுகளை யார் அச்சு அசலாக வாசிக்கிறார்களோ அவர்களுக்கே கைதட்டல். சொந்தப் பாட்டு வாசித்தால் கூட்டம் கேன்டீன் பக்கம் நகரும். 1988லேயே சொந்தப் பாட்டுகளோடு ஆல்பம் போட்ட பம்பாயின் ராக் மெஷின் போன்றவை விதிவிலக்குகள். 1993ல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகை தொடங்கி உள்ளூர்க் குழுக்களைப் பற்றி எழுத ஆரம்பித்தது ஓரளவு ஆறுதல். தில்லியிலேயே 1991ல் தோன்றிய பரிக்ரமா குழு ஆல்பம் என்ற பேச்சையே விட்டுவிட்டது. மேடையே போதும் என்பது அவர்கள் முடிவு. பல ஆயிரம் பேர் கூடும் கல்லூரி விழாக்களில் நினைத்தபடி மேடை கிடைக்கும் குழுவுக்கு அது சாத்தியம். இண்டியன் ஓஷனுக்கு அந்த வசதியும் அன்று இல்லை.

இந்த நிலையில்தான் சஹ்மத்தின் புத்தாண்டு மேடை.

சஹ்மத் என்றால் இந்தியில் 'உடன்பாடு' என்று பொருள். ஸஃப்தர் ஹாஷ்மி நினைவு அறக்கட்டளை என்பதன் சுருக்கமும் அதுதான். 1989 ஜனவரி 1 அன்று, தில்லியை ஒட்டிய சாகிபாபாத் தொழிற்பேட்டையின் ஜண்டாபூரில், ஜன நாட்டிய மஞ்ச் குழு 'ஹல்லா போல்' என்ற தெரு நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. காஸியாபாத் நகராட்சித் தேர்தல் நேரம். நாடகத்தின் நடுவே ஒரு கும்பல் புகுந்து தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். குழுவை வழிநடத்திய ஸஃப்தர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருக்கு வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீ அதே குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். கொலைகாரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்டி ஹவுஸ் சாலைகளில் ஒன்றுக்கு இன்று ஸஃப்தர் ஹாஷ்மி மார்க் என்று பெயர்.

சில மாதங்களில் தோன்றிய அறக்கட்டளை ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியை அவர் நினைவாக அனுசரிக்கத் தொடங்கியது. அஞ்சலி உரைகளும் மாலைகளும் மட்டுமல்ல. பாட்டு, நாடகம், நடனம், ஓவியம் எல்லாமும் உண்டு. டிக்கெட் கிடையாது. தெரு நாடகக்காரருக்கு வேறு எப்படித்தான் நினைவு நாள் கொண்டாடுவது? இந்த மேடையில் சாஸ்திரிய இசை மேதைகள் ஏறுவார்கள், கிராமியக் கலைஞர்களும் ஏறுவார்கள். எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்வியை இங்கே யாரும் கேட்பதில்லை. இண்டியன் ஓஷனுக்குப் பொருத்தமான மேடை அன்றைய தில்லியில் இதைவிட வேறொன்று இருந்திருக்க முடியாது.

பொருத்தம் மனத்தளவில்தான். பதிவு செய்வது என்று வந்துவிட்டால் திறந்தவெளி மேடை ஒலிப் பொறியாளருக்குச் சிம்மசொப்பனம்.

தபலாவின் நாதம் நுணுக்கமானது. பக்கத்தில் டிரம்ஸ் அதிரும்போது, தபலாவுக்கு வைத்த மைக்கில் தபலாவைவிட டிரம்ஸ்தான் அதிகம் விழும். சரி, மைக்கின் அளவைக் கூட்டலாம் என்றால், ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து ஊளையிடும். அதே ஆள் பாடவும் செய்கிறார் என்பதால் அவர் முன்னால் இன்னொரு மைக். அதிலும் தபலா விழும். குளிர் வேறு. பனி ஈரத்தில் தபலாவின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். கிதாரின் உலோகக் கம்பியோ குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். ஒன்று கீழே இறங்க, ஒன்று மேலே போக, வாசிப்பவரின் விரல்கள் விறைத்திருக்க, இதில் ஆல்பம் தரத்துக்குப் பதிவு என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் தவறை அழிக்கலாம். மேடையில் வாசித்தது வாசித்ததுதான்.

அன்று மேஜையில் இருந்த ஒலிப் பொறியாளர் கைவண்ணம் தெரிந்தவர். நிகழ்ச்சி முடிந்தபின் குழுவின் கையில் ஒரு பதிவு இருந்தது. கேட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, நல்ல நினைவுச் சின்னம் என்று பீரோவில் வைப்பது. மற்றது, இதுதான் எங்கள் இரண்டாவது ஆல்பம் என்று அறிவிப்பது.

இரண்டாவது வழி துணிச்சலானது. அன்று இந்தியாவில் நேரடி மேடைப் பதிவு என்றால் கஜல் பாடகர்களும் சாஸ்திரிய வித்வான்களும்தான். ராக் குழு ஒன்று, முதல் ஆல்பத்துக்கு அடுத்தபடியாக, மெருகேற்றப்படாத ஒரு மேடைப் பதிவைக் கொண்டுவருவது என்பது கல்யாணத்துக்கு வீட்டுச் சட்டையோடு போவது மாதிரி. ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. கல்கத்தா ஸ்டுடியோவில் கிடைக்காத சூடு இந்த நாடாவில் இருந்தது.

சட்டமும் சமீபத்தில்தான் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவரையும் மெட்டமைத்தவரையும் ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவரையும் கவனித்ததே தவிர, மேடையில் வாசித்தவரைக் கண்டுகொள்ளவில்லை. 1994ல் வந்த திருத்தம்தான் கலைஞர்களின் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அவர்கள் சம்மதம் வேண்டும் என்ற உரிமையைத் தந்தது. கம்பெனி பணம் போட்டால் ஒலிப்பதிவின் உரிமை பொதுவாகக் கம்பெனிக்குத்தான். தாங்களே வெளியிட்டால்? நாடாவும் தங்களுடையது, அதில் இருக்கும் இசையும் தங்களுடையது. நஷ்டமும் தங்களுடையதுதான் என்பது இதோடு ஒட்டிய சமாசாரம்.

சொந்தமாக கேஸட் போடுவது அந்நாட்களில் சுலபமல்ல. மூல நாடாவைத் தயார் செய்து, பிரதியெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே மடித்து வைக்கும் அட்டைக்கு ஓவியர், அச்சகம். குறைந்த எண்ணிக்கையில் போட்டால் ஒன்றுக்கு ஆகும் செலவு எகிறும். அதிகம் போட்டால் வீட்டுக் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகள் அடுக்க வேண்டும். விநியோகஸ்தர் கிடையாது. கடைக்காரர் விற்றால் காசு, இல்லாவிட்டால் சரக்கு வாபஸ் என்பார். விளம்பரத்துக்கு வழியே இல்லை. சொந்தமாக வெளியிட்ட குழுக்களுக்கு நம்பகமான கடை ஒன்றுதான்: கச்சேரி முடிந்து கூட்டம் கலையும் வாசல்.

இண்டியன் ஓஷனுக்கு இதில் ஒரு துணை இருந்தது. சொந்த இசையை மேடையேற்றும் குழுக்களுக்காக அவர்களே முன்னின்று உருவாக்கிய இண்டிபெண்டன்ட் மியூஸிக் கலெக்டிவ். கூட்டுறவுச் சங்கம் போல ஓர் ஏற்பாடு. வேறு இசைக் கலைஞர்களும் அதில் கைகோத்தார்கள். அதன் மூலம் 1997லேயே ஆல்பம் வெளிவந்துவிட்டது. 'இண்டி' என்ற சொல்லைப் பிற்பாடு இந்தியப் பத்திரிகைகள் ஒரு நாகரிகமாகப் பயன்படுத்தத் தொடங்கின. அந்தச் சொல்லின் நேர்ப் பொருளுக்கு, அதாவது யாரையும் சாராமல் நிற்பதற்கு, இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆல்பம் எப்படி இருக்கிறது? முதலில் காதில் படுவது இடம். நான்கு சுவருக்குள் அடைபட்ட ஒலி இல்லை இது. காற்றோட்டம் இருக்கிறது. டிரம்ஸின் அடி கொஞ்சம் தூரத்தில் விழுகிறது, தபலா அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிறது. தலைப்பு இசையான 'டெஸர்ட் ரெய்ன்' அவசரப்படாமல் தொடங்கி, சிறு துளிகளாகக் கிதார் விழுந்து, பின்னால் நால்வரும் சேர்ந்து கொட்டும்போது பெயர்ப் பொருத்தம் புரிகிறது. 'போல் வீவில்' என்று ஒன்று. பருத்திக் காயைத் துளைத்து அமெரிக்கக் குடியானவர்களை ஓட்டாண்டியாக்கிய வண்டின் பெயர் அது. 'வில்லேஜ் டாம்ஸல்', 'மெலங்காலிக் எக்ஸ்டஸி' என்று மற்ற பெயர்கள். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள், கேட்டால் ஒன்றிலும் ஆங்கிலேயத்தனம் இல்லை. (குழுவின் ஆரம்பகால இசை ஒன்றுக்கு 'கோயிங் டு ஐ.டி.ஓ.' என்று பெயர். மண்டி ஹவுஸுக்குச் சற்றுத் தள்ளி வருமான வரி அலுவலகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும், போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சந்திப்பு அது. தில்லிக்காரர்களுக்கு மட்டும் புரியும் நகைச்சுவை.)

குறைகளும் உண்டு. சில இடங்களில் குரல் பின்னுக்குப் போகிறது. தாளம் ஒரு கணம் முந்துகிறது, பிறகு மற்றவர்கள் பிடித்துவிடுகிறார்கள். ஸ்டுடியோவாக இருந்தால் இவற்றையெல்லாம் வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒட்டாமல் விட்டதால்தான் ஒருவரை ஒருவர் துரத்திப் பிடிக்கும் விளையாட்டும் கேட்கிறது. கல்கத்தாவில் தொலைந்துபோனது அந்த விளையாட்டுதான்.

இந்த ஆல்பம் தேசத்தை ஆட்டிவைக்கவில்லை. வாய்வழியாகப் பரவியது. ஹாஸ்டல் அறைகளில் ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கிக் கேட்டு, அதிலிருந்து இன்னொரு நாடாவில் பதிந்துகொண்டார்கள். இது விற்பனைக் கணக்கில் வராது. ஆனால் மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தின் கணக்கில் வந்தது. குழு வாசிக்கும் இடங்கள் கூடின, கேட்க வருகிறவர்கள் மெட்டுகளைத் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

கம்பெனியும் வந்தது, 2000ல். டைம்ஸ் மியூஸிக் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் 'கண்டீஸா' குழுவைப் பிரபலமாக்கியது. அதன் தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் அரமேய மொழியில் பாடிவரும் பழைய துதி. 'மா ரேவா' நர்மதையைப் பற்றிய பாட்டு, ராகுல் ராம் பள்ளத்தாக்கிலிருந்து சுமந்து வந்தது. 'ஹில்லே லே' கோரக் பாண்டேயின் கவிதை. ஸஃப்தர் இறந்த அதே 1989 ஜனவரியில்தான் அந்தக் கவிஞரும் இறந்தார். சொற்கள் வந்து சேர்ந்ததும் இசைக்கு வீச்சு கூடியது. பிறகு அனுராக் காஷ்யபின் 'பிளாக் ஃப்ரைடே'. படம் கோர்ட் தடையில் சிக்கி 2007ல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' பாட்டு நாடெங்கும் பரவிவிட்டது. முகம் இல்லை, வீடியோவுக்கு லாயக்கில்லை என்று கணக்குப் போட்டவர்கள் கணக்கு தப்பிப்போனது.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் சக்ரவர்த்தி மாரடைப்பில் இறந்தார். பாட்டும் தபலாவும் ஒரே ஆளிடம் இருந்த குழுவில், அந்த ஆள் போனபோது இரண்டு இடங்கள் காலியாயின. இரண்டு பேரைச் சேர்த்துத்தான் அந்த ஒருவரின் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது: குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி. அதே சமயத்தில் வெளிவந்த ஜெய்தீப் வர்மாவின் 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படம் நால்வரின் கதையையும் சொன்னது, தேசிய விருதும் பெற்றது.

2010ல் குழு மறுபடி கம்பெனிகளை விட்டு விலகியது. கரோல் பாக்கில் அவர்கள் பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரியான '16/330 கஜூர் ரோடு' என்பதையே தலைப்பாக வைத்து, மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அசீம் உயிரோடு இருந்தபோது பதிவு செய்த பாட்டுகள் அவை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கட்டாயத்தால் எடுத்த முடிவை இந்த முறை விரும்பி எடுத்தார்கள். முன்பு கேட்க ஆளில்லாமல் தாங்களே வெளியிட்டவர்கள், இப்போது விலை பேச ஆளிருந்தும் வேண்டாம் என்றார்கள்.

2013ல் சுஸ்மித் சென் குழுவிலிருந்து விலகித் தன் வழியில் போனார். மறு ஆண்டு தன் நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதினார். கிதாருக்கு நிகில் ராவ் வந்தார். அன்றைய மேடையில் இருந்த நால்வரில் ராகுல் ராமும் அமித் கிலாமும் குழுவைத் தொடர்ந்து நடத்தினார்கள். 2023ல் 'து ஹை' என்ற ஆல்பமும் வந்தது.

'டெஸர்ட் ரெய்ன்' பதிவில் ஒவ்வொரு இசையும் முடியும் இடத்தில் கைதட்டல் கேட்கிறது. தட்டியவர்கள் பெரும்பாலும் இண்டியன் ஓஷனைக் கேட்க வந்தவர்கள் அல்ல. எட்டு வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு நாடகக்காரரை நினைத்து வந்தவர்கள். தாங்களும் ஒரு ஆல்பத்தில் இருக்கிறோம் என்பது அப்போது அவர்களுக்கும் தெரியாது, மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியாது.